வயது என்று எழுதிய மூன்று நாட்கள்

இளம் டாக்டர்களான உங்களில் யார் என்னைப் பார்க்க வந்தாலும் காபி ஆறுவதற்குள் ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறீர்கள். "மேடம், எத்தனை வயசு வரைக்கும் நுரையீரல் ஆபரேஷனுக்கு அனுப்பலாம்?" நான் ஏதோ ஒரு எண்ணை முந்தானையில் முடிந்து வைத்திருப்பதாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. என்னிடம் எண் எதுவும் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் ஆதார் அட்டையைப் பார்த்தால் பாதிப்பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அந்த எண்ணை நம்பி யாருடைய நெஞ்சையும் திறக்கவும் முடியாது, திறக்காமல் விடவும் முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாளும் நுரையீரல் ஆபரேஷன் செய்தவள் இல்லை. சங்கரன்கோவிலில் பன்னிரண்டு படுக்கை வைத்த சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்த பொது மருத்துவர். இருமலோடு வந்தவர்களில் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டவர்களைப் பெரிய ஊருக்கு அனுப்பினேன். அங்கே ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் அவர்கள் திரும்ப என்னிடம்தான் வந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிக்கல்களில் பாதி, நோயாளி பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் தலைகாட்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது உங்களையும் என்னையும் போன்ற சில்லறை டாக்டர்கள்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

வயதானவர்களுக்குச் சிக்கல் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. தைத்த இடத்தில் காற்றுக் கசிவு நிற்க நாளாகும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். சளி தேங்கிக் காய்ச்சல் வரும். புத்தி தடுமாறும். புத்தகத்தில் எழுதியிருப்பதெல்லாம் சரிதான். தெரிந்து வைத்திருப்பதும் நல்லதுதான். ஆனால் அந்தத் தெரிதல் நம் கண்ணை எப்படி மறைக்கும் என்பதைப் புத்தகம் சொல்லாது. என் கண்ணை அது மூன்று நாள் மறைத்தது.

அதற்குச் சில மாதம் முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் என் கர்வம் உங்களுக்குப் புரியும். எங்கள் ஊர் விசைத்தறிக்காரர் ஒருவர், நாற்பத்தாறு வயது. நுரையீரலில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டு வந்திருந்தார். மூன்றாவது வாரம் வந்து, "லேசாப் படபடன்னு வருது மேடம், ஒண்ணுமில்ல, மருந்து எழுதிக் குடுத்தா போதும்" என்றார். நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு எதற்குப் படபடப்பு என்று நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் இசிஜி எடுத்தாயிற்று. துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. ஊசி போட்டு, கூடவே உட்கார்ந்து, ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நன்றாகிவிட்டார். அவருக்கு ஆபரேஷன் செய்த சர்ஜன் என்னைப் போனில் பாராட்டினார். என் மகன் வயதுதான் அந்த டாக்டருக்கு. நான் ஒரு மாதம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் ராயகிரிப் பெரியவரை அந்த சர்ஜன் என்னிடம் அனுப்பினார்.

எழுபத்தாறு வயது, நஞ்சை விவசாயி. இடது நுரையீரலின் கீழ்ப்பாகத்தை எடுத்திருந்தார்கள். காற்றுக் கசிவு மட்டும் நிற்கவில்லை. விலாவில் ஒரு டியூப், அதன் மறுமுனையில் தண்ணீர் வைத்த பாட்டில். கசிவு நிற்கும்வரை உள்ளூரில் வைத்துப் பாருங்கள் மேடம் என்று சர்ஜன் கேட்டுக்கொண்டார். வரும்போது மனிதர் தெளிவாகத்தான் இருந்தார். "கட்டில் நம்ம பக்கத்துக் கயித்துக் கட்டிலாட்டம் இல்ல டாக்டரம்மா, முதுகு வழுக்குது" என்று குறை சொல்லும் அளவுக்குத் தெளிவு.

கூட இருந்தது மருமகள். பெயர் ஜெபா. பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவ வீட்டுப் பெண், வாத்தியார் பயிற்சி முடித்தவள். பெரியவருடைய ஒரே மகனைக் காதலித்துக் கல்யாணம் செய்தவள். அந்தக் கல்யாணத்துக்கு மாமனார் வரவில்லை, அதன்பிறகு இரண்டு வருஷம் அவளோடு பேசவும் இல்லை. மாமியார் இறந்த பிறகுதான் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். மகன் மஸ்கட்டில் வேலை. இதையெல்லாம் அவள் சேர்க்கைப் படிவம் நிரப்பும்போதே என் நர்ஸிடம் சொல்லிவிட்டாள், நர்ஸ் என்னிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். குடும்பக் கதை, நமக்கெதற்கு என்று நினைத்தேன்.

அது எங்கள் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நடக்கும் வாரம். தெருவெல்லாம் கூட்டம், வண்டி உள்ளே வராது. என்னிடம் இருந்த ஒரே ஆண் உதவியாளர் லீவில் போயிருந்தார். எங்கள் மாதிரி ஆஸ்பத்திரிகளில் வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாத்திரையும் ஊசியும் நர்ஸ் தருவாள். தண்ணீர் கொடுப்பது, நடக்க வைப்பது, பெட்பேன் வைப்பது, யூரின் பாட்டில் பிடிப்பது எல்லாம் கூட இருப்பவர் பாடு. "கூட யாரு இருக்கா?" என்று கேட்போம். ஒரு ஆள் பெயரைச் சொன்னால் திருப்தி. நானும் கேட்டேன், ஜெபா என்றார்கள். திருப்தியாகிவிட்டேன்.

முதல் நாள், நடக்கச் சொன்னேன். "நாளைக்கு" என்றார். இருமிச் சளியைத் துப்பச் சொன்னேன். "வரல" என்றார்.

"யூரின் நல்லாப் போகுதா அண்ணாச்சி?"

"அதெல்லாம் போகு, போகு."

நர்ஸ் அவர் சொன்னதைக் கேட்டு கட்டிலில் தொங்கும் நோயாளி அட்டையில் 'போனது' என்று எழுதினாள். நானும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் நாள் சாப்பாடு குறைந்தது. ஆளும் சோர்ந்திருந்தார். டிரிப் ஏற்றச் சொன்னேன். மாலையில் பேச்சு குழறியது. ஜெபாவை, செத்துப்போன தன் மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு பேச்சு வயலுக்குப் போய்விட்டது. "மடையத் தொறந்து விடுங்கல, வரப்பு ஒடஞ்சிரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன், ஆக்ஸிஜன் பார்த்தேன். ஆக்ஸிஜன் மட்டும் கொஞ்சம் குறைவு. பெரிய ஆபரேஷன், புது இடம், எழுபத்தாறு வயது. வேறென்ன வேண்டும்? அட்டையில் 'வயது காரணமான குழப்பம்' என்று எழுதினேன். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த ஜெபாவிடம், "வயசாச்சுல்லா, இப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டார். மூச்சு வேகமாகியிருந்தது. வலது நுரையீரலின் அடியிலும் சளிச் சத்தம் கேட்டது. மனதுக்குள் நான் அவரை வழியனுப்பத் தொடங்கிவிட்டேன். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். மகனுக்குப் போன் போட்டேன். "வயசாகிப் போச்சு தம்பி. எதுக்கும் வந்துருங்க" என்றேன். அந்தப் பக்கம் அவன் அழுதான். நான் ஆறுதல் சொன்னேன். நல்ல டாக்டர் இப்படித்தான் முன்கூட்டியே தயார்படுத்த வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

பிறகு சர்ஜனுக்கும் தகவல் சொல்லவேண்டுமே என்று அவரைக் கூப்பிட்டேன். தெருவில் ஒலிபெருக்கிச் சத்தம், ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். குழப்பம், சோர்வு, சளி, வயசு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"மேடம், இதே ஆளுக்கு நாற்பது வயசுன்னா இப்ப என்ன பண்ணிட்டிருப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் டாக்டருக்குப் படித்து முடித்தபோது இந்தப் பையன் பிறந்திருக்கவே மாட்டான், என்னிடமா கேள்வி? "பாக்கறதெல்லாம் பாத்தாச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் கேட்டது தப்பு என்று நிரூபிப்பதற்காகத்தான், சத்தியமாக அதற்காகத்தான், திரும்ப அந்த அறைக்குப் போனேன். நாற்பது வயதுக்காரனுக்குச் செய்வதை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது, வயதுதான் காரணம் என்று அவருக்குத் திரும்பச் சொல்லவேண்டும். அந்த வீம்பு.

நாற்பது வயதுக்காரன் என்றால் எவ்வளவு தண்ணீர் உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று முதலில் கேட்டிருப்பேன். ஜெபாவிடம் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சார்மா?"

அவள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா என் கையில தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்காவ டாக்டர். இங்கன வந்த நாள்லேருந்து இப்படித்தான். காலையில செம்பு நெறைய வைப்பேன், சாயங்காலம் அப்படியே இருக்கும். பெரியாஸ்பத்திரியில நர்ஸம்மா குடுத்தா குடிச்சாவ. நான் குடுத்தா வாய நனைச்சிட்டு வெச்சிருதாவ. எம்மேல இன்னும் மனசு ஆறல போல."

நம் ஊரில் ஒருவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்கவேண்டாம். அந்தப் பெண் மூன்று நாளாக அந்த அர்த்தத்தைச் சுமந்துகொண்டு அந்தக் கட்டிலருகே நின்றிருக்கிறாள். எனக்கு ஒரு கணம் பெரியவர் மேல் ஆத்திரம்கூட வந்தது.

"சரி, யூரின்? பாட்டில் நீதான பிடிக்கே?"

"இல்லயே டாக்டர். 'நீ வெளிய போ, நான் பாத்துக்கிடுதேன்'ன்னு சொல்லுவாவ. நேத்து வேட்டி கொஞ்சம் நனைஞ்சிருந்துச்சு. அதான் போகுதுன்னு நெனச்சேன்."

போர்வையை விலக்கினேன். அடிவயிற்றில் கை வைத்தேன். மூன்று நாளில் அன்றைக்குத்தான் முதல்முறையாக அங்கே கை வைத்தேன். மூத்திரப்பை தொப்புள் வரைக்கும் வந்து கல்லு மாதிரி நின்றது. அழுத்தியதும், கண்ணைத் திறக்க முடியாத அந்த மனிதர் முனகினார். நாக்கைப் பார்த்தேன், காய்ந்து வெடித்திருந்தது. வாயால் போகாத தண்ணீரை நானே ஊசி வழியாக ஏற்றி, வெளியே போக வழியில்லாத இடத்தில் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூத்திரம் போக டியூப் போட்டோம். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. மூத்திரத்தை அடைக்கக்கூடிய வலி மாத்திரை ஒன்று அவருக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினேன். எக்ஸ்ரே எடுத்து, வலது பக்கச் சளிக்கு மருந்து தொடங்கி, சாய்த்து உட்காரவைத்து முதுகைத் தட்டினோம். சர்ஜனுக்குத் திரும்பப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "நல்லவேளை மேடம்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாத பெருந்தன்மைக்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

அந்த மடை விஷயம் வயலைப் பற்றியதா, வயிற்றைப் பற்றியதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தெளிய ஒன்றரை நாள் ஆயிற்று. அதற்குள் தபசு முடிந்து என் உதவியாளரும் வந்துவிட்டார். ஜெபா துணி துவைக்கப் போயிருந்த நேரம் பார்த்து நான் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, ஏன் தண்ணி குடிக்கல?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்து போகவில்லை. பிடிவாதத்தில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. சுவரைப் பார்த்தே பேசினார்.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்லா. அப்ப அந்தப் புள்ளயத்தான கூப்பிடணும். பத்துப் புள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் படிச்ச புள்ள. அது கையில நான் மூத்திரக் குப்பியக் குடுக்கவா?"

"அதுக்குத்தான கூட இருக்கு?"

"ரெண்டு வருசம் அது மொகத்தப் பாத்துப் பேசாதவன் டாக்டரம்மா நானு. வாசல்ல வந்து நின்னப்ப வான்னு ஒரு வார்த்த சொல்லல. இப்ப ஒடம்புக்கு முடியலன்னதும் இதத் தூக்கு, அதப் பிடின்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியத இருக்கு? நடந்தாலும் அந்தப் புள்ளதான் ரத்தத் தண்ணி பாட்டிலத் தூக்கிட்டுப் பின்னால வரணும். அதான் நடக்கல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்களும் பொம்பளப் புள்ளதான" என்றார்.

எனக்கு அப்போது அறுபது வயது. என்னைப் பிள்ளை என்று சொல்ல அந்த ஊரில் அவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். சிரிப்பு வந்தது.

"அந்தப் புள்ள வேற மாதிரி நெனச்சிட்டிருக்கு அண்ணாச்சி. அது கையால தண்ணி வாங்க உங்களுக்குப் பிடிக்கலன்னு" என்றேன்.

சட்டென்று என் பக்கம் திரும்பினார். தைத்த இடம் இழுத்திருக்கும், முகம் சுருங்கியது. "ஐயையோ" என்றார்.

அன்று சாயங்காலம் நான் ரவுண்ட்ஸ் போனபோது உதவியாளர் பாட்டிலைத் தூக்கிக்கொள்ள, பெரியவர் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். ஜெபா தள்ளி நின்றாள். பாதி வராந்தாவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அவளைப் பார்த்து, "தாயி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். செம்பை வாங்கி முழுதும் குடித்தார். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அவள் வெறும் செம்பை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறுநாள் மத்தியானம் மகன் வந்து சேர்ந்தான். மஸ்கட்டில் சண்டை போட்டு லீவு வாங்கி, அப்பா தேறிய தகவல் எட்டுமுன்பே கிளம்பி, ராத்திரி முழுக்கத் தூங்காமல், கொள்ளிபோட வந்த முகத்தோடு வந்தான். வந்தவன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதைப் பார்த்தான். "ஏலே, உன்ன யாரு இப்ப வரச் சொன்னா?" என்றார் அப்பா. அவன் என்னைப் பார்த்தான்.

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன் தம்பி, மன்னிச்சிருங்க" என்றேன். நர்ஸ், உதவியாளர் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதை அறைக்குள் கூட்டிப்போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. தனியாகச் சொன்னால் மழுப்பிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வயது முக்கியமா என்றால், முக்கியம்தான். நாற்பத்தாறு வயதுத் தறிக்காரர் என்னுடைய இரண்டு மூன்று தவறுகளைத் தாங்கியிருப்பார். எழுபத்தாறு வயதுக்காரருக்கு ஒன்றே அதிகம். அப்படியென்றால் நான் யாரிடம் வேகமாக ஓடியிருக்கவேண்டும்? தறிக்காரருக்கு இரண்டு நிமிஷத்தில் ஓடினேன், பெரியவருக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். வயது என்பது மெதுவாகப் போவதற்கு நாம் கொடுத்துக்கொள்ளும் அனுமதி ஆகிவிட்டது. அவசரப்படுவதற்கான காரணமாக அல்லவா அது இருந்திருக்கவேண்டும்.

இன்னொன்று. "கூட யாரு இருக்கா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த ஆளிடம் இந்த நோயாளி வாய்விட்டு எதைக் கேட்பார், எதைக் கேட்கமாட்டார் என்று பாருங்கள். மாமனாருக்கு மருமகள், மாமியாருக்கு மருமகன், பேசாத அண்ணனுக்குத் தம்பி. இருமவும் நடக்கவும் ஒன்றுக்குப் போகவும்கூட அவர்களுக்கு நடுவில் ஒரு வழக்கு இருக்கலாம். அதைக் கேட்பது குடும்ப விஷயத்தில் தலையிடுவது ஆகாது. வெட்கப்படாமல் கேளுங்கள். அந்த மனிதரின் மூத்திரப்பை மூன்றாம் நாள் எனக்குச் சொன்னதை அந்தக் குடும்பக் கதை முதல் நாளே சொல்லியிருக்கும். நர்ஸ் அதைச் சேர்க்கைப் படிவத்தோடு என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். நான்தான் நமக்கெதற்கு என்று விட்டேன்.

கசிவு நின்று, டியூபை எடுத்துவிட்டு, அவர்கள் ராயகிரிக்குக் கிளம்பிய நாளில் மகன் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஜெபா மாத்திரைச் சீட்டை வாங்க உள்ளே வந்தாள். எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"தண்ணி குடிக்கலங்கறத என்கிட்ட முதல்லயே ஏம்மா சொல்லல?"

அவள் என்னைக் குறை சொல்லும் பெண் இல்லை. ஏன் கேட்கிறேன் என்றுகூட அவளுக்குப் புரியவில்லை. சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"சொல்லத்தான் வந்தேன் டாக்டர். அதுக்குள்ள நீங்க வயசுன்னு சொல்லிட்டீங்க."